'சும்மா'தானே இருக்கீங்க?

''வேலைக்குப் போறீங்களா... இல்ல, வீட்ல சும்மா இருக்கீங்களா?''

கல்யாணமான பெண்கள் நம் ஊரில் ஆயிரம் தடவை கேட்டிருக்கும் கேள்வி இது. மாமியாருக்கு மாத்திரை கொடுத்து, பிள்ளைக்கு டிபன் கட்டி, கேஸ் சிலிண்டருக்குக் காத்திருந்து, ரேஷன் க்யூவில் நின்று திரும்பிய பெண்மணியும், ''சும்மாதாங்க இருக்கேன்'' என்று சிரித்துக்கொண்டே சொல்வார். நமக்கு அது வெறும் வாய் வழக்கு. இந்த 'சும்மா'வைச் சட்டப் புத்தகத்திலேயே ஏற்றி வைத்திருந்த தேசம் ஒன்று உண்டு. பிரிட்டன்!

அதிலும் விசேஷம் என்னவென்றால், ஒரு சட்டத்தில், மனைவி வீட்டில் செய்வது வேலைக்கணக்கில் வராது என்றார்கள். அடுத்த வருடமே இன்னொரு விதியில், அவள் செய்வது வேலைதான் என்றார்கள். இரண்டு தடவையும் பணம் மட்டும் கஜானாவை விட்டு வெளியே வரவில்லை.

உடம்பு முடியாத ஒரு பெண். தன்னைவிட உடம்பு முடியாத கணவனை ராத்திரி பகலாகப் பார்த்துக்கொள்கிறாள். அவளுக்கு அரசாங்கம் ஏதாவது தர வேண்டுமா? தருவதென்றால் நோயாளி என்ற கணக்கில் தருவதா, நோயாளியைப் பார்த்துக்கொள்பவள் என்ற கணக்கில் தருவதா? கேட்பதற்குச் சின்னக் கேள்விதான். விடை தேடிப் புறப்பட்டவர்களின் கதை அவ்வளவு சின்னதில்லை.

*

1942. இரண்டாம் உலகப்போர் உச்சத்தில் இருந்த நேரம். வில்லியம் பெவரிட்ஜ் என்ற பொருளாதார நிபுணர் ஓர் அறிக்கை கொடுத்தார். (மனிதர் பிறந்தது வங்காளத்து ரங்பூரில். இன்றைக்கு அது வங்கதேசம்.) நோய், வேலையின்மை, முதுமை... எது வந்தாலும் தொட்டில் முதல் கல்லறை வரை மக்களை அரசாங்கம் கைவிடாது என்பதற்கான திட்டம் அது. ஓர் அரசாங்க அறிக்கையை வாங்க ஜனங்கள் வரிசையில் நின்றார்கள் என்றால் நம்புவீர்களா? நின்றார்கள். 1948 ஜூலை 5-ம் தேதி திட்டம் அமலுக்கு வந்தது.

வாராவாரம் சம்பளத்தில் இருந்து கொஞ்சம் 'நேஷனல் இன்ஷூரன்ஸ்' கட்ட வேண்டும். படுத்துக்கொண்டால் பணம் வரும். எளிமையான ஏற்பாடு. ஆனால், சம்பளமே வாங்காத குடும்பத் தலைவி? பெவரிட்ஜ் அவர்களை மறக்கவில்லை. வீட்டில் அவர்கள் செய்வது சம்பளமில்லாத, ஆனால் தேசத்துக்கு அத்தியாவசியமான பணி என்று மனதாரப் பாராட்டினார். பாராட்டிவிட்டு, கணவனின் இன்ஷூரன்ஸ் நிழலிலேயே மனைவியை உட்காரவைத்தார். கணவனும் மனைவியும் ஒரே டீம், டீமுக்கு ஒரு கணக்கு போதும் என்பது அவருடைய எண்ணம்.

வேலைக்குப் போகும் மனைவிக்கும் ஒரு சலுகை கொடுத்தார்கள். விரும்பினால் குறைந்த சந்தா கட்டலாம். கையில் நாலு காசு மிச்சமாகுமே என்று ஏராளமான பெண்கள் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். தன் பெயரில் நோய்க்கால உதவியோ, பென்ஷனோ கிடையாது என்பது அந்தச் சலுகையின் மறுபக்கம்.

ஆக, போரில் காலை இழந்தவருக்கு பென்ஷன் உண்டு. ஃபேக்டரி மெஷினில் கையைக் கொடுத்தவருக்கு நஷ்டஈடு உண்டு. அடுப்படியில் நின்றபடியே நோயில் விழுந்தவளுக்கு? 'புருஷன் இருக்கார்ல' என்பதுதான் பதில்.

*

இருபது வருடம் இப்படியே ஓடியது. 1965-ல் ஒரு கடிதம் வந்தது.

மேகன் டு பாய்ஸன், லண்டனுக்குத் தென்மேற்கே காடல்மிங் என்ற ஊரில் வாழ்ந்த குடும்பத் தலைவி. நரம்புகளின் மேலுறையை மெள்ள மெள்ள அரிக்கும் 'மல்டிபிள் ஸ்க்ளீரோஸிஸ்' அவரைத் தாக்கியிருந்தது. இதே நோய் ஓர் ஆபீஸ் குமாஸ்தாவுக்கு வந்தால் வாராவாரம் பணம் உண்டு. மேகனுக்கு ஒரு பென்னி கிடையாது. ஏனென்றால், அவர் 'இழந்த சம்பளம்' என்று எதுவும் இல்லை. வீட்டைக் கவனிக்க ஆள் வைத்தால் ஆகும் செலவு அந்தக் கணக்கில் எங்கேயும் வரவில்லை.

மேகனும் அவருடைய தோழி பெரிட் மூரும் சேர்ந்து 'கார்டியன்' பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்கள். ஊனம் எப்படி வந்தது, எங்கே வந்தது என்று பார்க்காமல், ஊனம் இருக்கிறது என்பதற்காகவே வருமானம் தரவேண்டும் என்பது கோரிக்கை. பதில் கடிதங்கள் வந்து குவிந்தன. அப்படித்தான் பிறந்தது 'டிஸேபிள்மென்ட் இன்கம் குரூப்' என்ற அமைப்பு. பணம் கேட்டு பிரிட்டிஷ் மாற்றுத்திறனாளிகள் கட்டிய முக்கியமான இயக்கத்தின் தொடக்கம், இரண்டு இல்லத்தரசிகளின் ஒரு கடிதம்!

அதே 1965-ல் இன்னோர் அமைப்பும் உருவானது. அதற்குப் பின்னாலும் ஒரு கடிதம்தான். மேரி வெப்ஸ்டர், தேவாலயத்தில் போதகராக இருந்தவர். வயதான அப்பா, அம்மாவைப் பார்த்துக்கொள்ள 1954-ல் வேலையை விட்டார். அப்போது வயது 31. கையில் இருந்த காசு கரைந்தது. கல்யாணம் ஆகாத பெண் என்றால் பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு தானாக அவள் தலையில் விழும் என்பது அங்கேயும் எழுதாத விதி. 1963-ல் தன் நிலைமையைப் பத்திரிகைகளுக்கு எழுதினார். இங்கேயும் கடிதங்கள் குவிந்தன. தனியாக வாழும் பெண்களுக்கும் அவர்களை நம்பியிருப்பவர்களுக்குமான தேசிய கவுன்சில் உருவானது.

ஒருவர், நோயாளிக்குப் பணம் கேட்டார். மற்றவர், நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்குப் பணம் கேட்டார். இரண்டு பேருமே 1969-ல் இறந்துபோனார்கள். மேகன், தான் தொடங்கிய அமைப்பின் ஆண்டுக் கூட்டத்துக்குப் போகும் வழியில் கார் விபத்தில். கேட்ட பணம் வருவதை இருவருமே பார்க்கவில்லை.

*

பணம் எழுபதுகளில் வந்தது. ராத்திரி பகலாகத் துணை தேவைப்படும் நோயாளிகளுக்கு 1971-ல் ஓர் அலவன்ஸ். 1974-ல் ஆட்சிக்கு வந்த லேபர் கட்சி, மாற்றுத்திறனாளிகளுக்கென்றே ஓர் அமைச்சரை நியமித்தது. ஆல்ஃப் மோரிஸ். உலகத்திலேயே இப்படியொரு பதவி அதுதான் முதல் என்பார்கள். அவருக்கு மேலே, சமூகநலத் துறையில் பார்பரா காசில். ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியச் சட்டத்தை 1970-ல் கொண்டுவந்த அதே பார்பரா காசில்!

1975 நவம்பரில், இன்ஷூரன்ஸ் கட்டாதவர்களுக்கும் ஊனத்துக்கான பென்ஷன் வந்தது. 1976 ஜூலையில், நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்கான 'இன்வாலிட் கேர் அலவன்ஸ்' வந்தது. வாரத்துக்கு 35 மணி நேரமாவது பார்த்துக்கொள்ள வேண்டும். முழுநேர வேலை கூடாது. மேரி வெப்ஸ்டர் கேட்டது கிடைத்துவிட்டது.

ஆனால்... இரண்டிலும் ஒரு 'ஆனால்' இருந்தது.

முதலில் அலவன்ஸ். கணவனோடு வாழும் மனைவிக்கு அது கிடையாது! அவள் அப்பாவைப் பார்த்துக்கொண்டாலும் சரி, மாமியாரைப் பார்த்துக்கொண்டாலும் சரி, படுத்த படுக்கையான கணவனையே பார்த்துக்கொண்டாலும் சரி... கிடையாது. கல்யாணம் செய்துகொள்ளாமல் ஓர் ஆணோடு குடும்பம் நடத்தும் பெண்ணுக்கும் கிடையாது. ஆனால், மனைவியைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்ட கணவனுக்கு உண்டு. ஏன் இப்படி? 1974-ல் அரசாங்கம் வெளியிட்ட வெள்ளை அறிக்கை சொன்ன காரணத்தின் சாரம்: கல்யாணமான பெண் எப்படியும் வீட்டில்தானே இருக்கப்போகிறாள்! அதாவது, 'சும்மா'தானே இருக்கீங்க.

இதில் வேடிக்கையைக் கவனியுங்கள். ஆண், பெண் பாகுபாட்டைத் தடை செய்யும் சட்டம் அந்த நாட்டில் 1975 டிசம்பர் இறுதியில்தான் அமலுக்கு வந்திருந்தது. மை காய்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

அடுத்தது, ஊனத்துக்கான பென்ஷன். முதல் இரண்டு வருடம், கணவனோடு வாழும் மனைவிகளை அதிலும் சேர்க்கவில்லை. கூச்சல் எழுந்தது. 1977 நவம்பரில் அவர்களுக்கென்று தனியாக ஒரு பிரிவு ஏற்படுத்தினார்கள். ஆண்களும் தனியாக வாழும் பெண்களும், 'சம்பளத்துக்கு வேலை செய்ய என்னால் முடியாது' என்று காட்டினால் போதும். மனைவி மட்டும் அதோடு கூடவே, 'வழக்கமான வீட்டு வேலைகளையும் என்னால் செய்ய முடியாது' என்று நிரூபிக்க வேண்டும்!

நீளமான ஒரு படிவம். கடைக்குப் போய் வருவீர்களா? சமைப்பீர்களா? துணி துவைப்பீர்களா? வீட்டைச் சுத்தம் செய்வீர்களா? வலியோடு, நாற்காலியில் உட்கார்ந்தபடி, ஒரு வேளைக் காய்கறி நறுக்க ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளும் பெண் இதற்கெல்லாம் என்ன பதில் எழுதுவாள்? முடியும் என்று எழுதினால் பென்ஷன் போச்சு. முடியாது என்று எழுதினால், 'நான் குடும்பத்துக்கு உதவாதவள்' என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்த மாதிரி. பல பெண்களுக்கு இரண்டாவது அதிகமாக வலித்தது.

ஒரு பேச்சுக்கு, 1978-ல் லண்டனில் ஒரு தம்பதியை வைத்துக்கொள்வோம். கணவனுக்குப் பக்கவாதம். மனைவிக்கு முடக்குவாதம், விரல்கள் மடங்கிப்போய்விட்டன. அவர்தான் கணவனைக் குளிப்பாட்டி, சோறூட்டி, புரட்டிப் போட்டுப் பார்த்துக்கொள்கிறார். முதல் கவுன்ட்டருக்குப் போகிறார்.

''கணவரைப் பார்த்துக்கொள்கிறேன். அலவன்ஸ் வேண்டும்.''

''அது வேலைக்கணக்கில் வராது அம்மா. எப்படியும் வீட்டில்தானே இருப்பீர்கள்?''

இரண்டாவது கவுன்ட்டர்.

''எனக்கே உடம்பு முடியவில்லை. ஊனத்துக்கான பென்ஷன் வேண்டும்.''

''கணவருக்குச் சமைத்துப் போடுகிறீர்கள், குளிப்பாட்டுகிறீர்கள். வேலைதான் செய்கிறீர்களே அம்மா?''

கதாபாத்திரங்கள் என் கற்பனை. இரண்டு விதிகளும் கற்பனை அல்ல. இதே வீட்டில் நோயாளிகளை இடம் மாற்றிப் போடுங்கள். பக்கவாதம் மனைவிக்கு, மடங்கிய விரல்கள் கணவனுக்கு. அந்தக் கணவன் இரண்டு கவுன்ட்டரிலும் மனு போடலாம். இரண்டும் சேர்த்துக் கிடைக்காது. ஆனால், ஏதாவது ஒன்று கட்டாயம் உண்டு.

நான் படித்தது பி.காம். ஒரே விஷயத்தை ஒரு பேரேட்டில் 'மதிப்பு பூஜ்யம்' என்று எழுதிவிட்டு, இன்னொரு பேரேட்டில் 'சொத்து' என்று எழுதினால் ஆடிட்டர் நோட்டைத் தூக்கி முகத்தில் எறிவார். பிரிட்டிஷ் அரசாங்கம் அதைத்தான் செய்தது. இது ஆண் அதிகாரிகளின் திமிர் என்று ஒரு வரியில் முடித்துவிடத் தோன்றும். எனக்கென்னவோ, பாதி திமிர், பாதி பயம் என்றுதான் படுகிறது. மனைவிமார்கள் செய்யும் பணிவிடைக்கு நாடு முழுக்கப் பணம் கொடுக்க ஆரம்பித்தால் கஜானா தாங்குமா என்ற பயம். அப்படிப் பயப்படும் அளவுக்கு அது பெரிய வேலை என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது என்பதுதான் இதில் உள்ள விஷயம்.

*

பெண்கள் சும்மா இருக்கவில்லை. 'இரண்டாம் தர ஊனமுற்றோர்' என்று பொருள்படும் தலைப்பில் 1978-ல் ஓர் ஆய்வறிக்கை, வீட்டு வேலைப் பரீட்சையைக் கிழித்துக் காயப்போட்டது. எழுதியவர்களில் ஒருவரான ரூத் லிஸ்டர் பிற்காலத்தில் பிரபுக்கள் சபை உறுப்பினர் ஆனார். 1981-ல் ஜூடித் ஆலிவர் என்ற பெண் 'அசோஸியேஷன் ஆஃப் கேரர்ஸ்' என்ற சங்கத்தைத் தொடங்கினார். மாற்றுத்திறனாளியான கணவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். மேரி வெப்ஸ்டரின் அமைப்பு தனித்து வாழும் பெண்களுக்கானது, கல்யாணமானவருக்கு அதில் இடமில்லை. எனவே தனிக்கடை! 1988-ல் இரண்டும் ஒன்றாக இணைந்தன. இன்றைக்கு 'கேரர்ஸ் யுகே' என்ற பெயரில் இயங்குவது அந்த அமைப்புதான்.

நிஜமான திருப்பம் கடல் தாண்டி வந்தது. அன்றைக்கு பிரிட்டன் ஐரோப்பிய சமூகத்தில் உறுப்பு நாடு. சமூகப் பாதுகாப்பில் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்று 1978 டிசம்பரில் ஐரோப்பா ஓர் உத்தரவு போட்டு, எல்லா நாடுகளுக்கும் ஆறு வருடம் அவகாசம் கொடுத்தது. கெடு, 1984 டிசம்பர்.

கெடு நெருங்கியதும் வீட்டு வேலைப் பரீட்சையை பிரிட்டன் ரத்து செய்தது. 1984 நவம்பரில் அதற்குப் பதிலாக வந்த புதிய அலவன்ஸில் ஆண், பெண் எல்லாரும் சமம். ஆனால், 20 வயதுக்குள் வேலை செய்ய முடியாமல் போனவர்கள் தவிர, மற்ற எல்லாரும் 80 சதவிகித ஊனத்தை நிரூபிக்க வேண்டும். கதவைப் பெண்களுக்குத் திறந்துவிடச் சொன்னால், எல்லாருக்கும் சேர்த்துக் கதவைக் குறுக்கி விட்டார்கள். சமத்துவம்தான்... யார் இல்லை என்றது?

பராமரிப்பவர் அலவன்ஸை மட்டும் தொடவே இல்லை. அங்கேதான் வந்தார் ஜாக்குலின் டிரேக்.

கணவரோடு வாழ்ந்துகொண்டு, 1984 நடுப்பகுதி வரை வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண். அந்த ஜூன் மாதம், கடுமையாக உடல்நலம் குன்றிய அவருடைய அம்மா வீட்டோடு வந்து சேர்ந்தார். ஜாக்குலின் வேலையை விட்டார். 1985 பிப்ரவரியில் அலவன்ஸுக்கு மனு போட்டார். சட்டப்படி பதில் தெரிந்ததுதானே? கல்யாணமானவர், கணவரோடு வாழ்கிறார், கிடையாது. 'சைல்டு பாவர்ட்டி ஆக்‌ஷன் குரூப்' என்ற தொண்டு அமைப்பு துணைக்கு வந்தது. முதல்கட்டத் தீர்ப்பாயம் ஜாக்குலின் பக்கம் நின்றது. அரசாங்கத் தரப்பு மேல்முறையீடு செய்தது. விவகாரம் லக்ஸம்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போனது.

அங்கே எழுந்த வாதம் சுவாரஸ்யமானது. ஐரோப்பிய உத்தரவு உழைக்கும் மக்களுக்கானது. நோய் வந்ததால் வேலையை இழந்தவர்களைத்தான் அது காக்கும். ஜாக்குலினுக்கு என்ன நோய்? நோய் அம்மாவுக்கு அல்லவா? பிறகெப்படி இவருக்குப் பொருந்தும்?

நீதிமன்றம் இந்த நூலைப் பிடித்துக்கொண்டு தொங்கவில்லை. நோய் யாருக்கு வந்தால் என்ன, அந்த நோயால்தானே இவருடைய வேலை போனது? எனவே இவரும் உழைக்கும் மக்களில் ஒருவர்தான். கல்யாணமானவள் என்பதற்காக மறுப்பது பாகுபாடு. 1986 ஜூன் 24-ம் தேதி தீர்ப்பு வந்தது.

அதற்கு முதல் நாள், ஜூன் 23... பிரிட்டிஷ் அரசாங்கம் அவசர அவசரமாக ஓர் அறிவிப்பு வெளியிட்டது. கல்யாணமான பெண்களுக்கும் இனி அலவன்ஸ் உண்டாம். 1984 டிசம்பரில் இருந்து முன்தேதியிட்டுக் கொடுப்பார்களாம். தோற்றுப்போய்க் கொடுத்தோம் என்று இருக்கக்கூடாதல்லவா? கல்யாண வீட்டுச் சண்டையில், பஞ்சாயத்து கூடுவதற்கு முதல் ராத்திரி நகையைத் திருப்பிக் கொடுத்துவிடும் சம்பந்திகளை நாம் பார்த்ததில்லையா என்ன!

*

அலவன்ஸின் பெயர் 2003-ல் 'கேரர்ஸ் அலவன்ஸ்' என்று மாறியது. இன்றைக்குச் சுமார் பத்து லட்சம் பேர் அதை வாங்குகிறார்கள். சரி, நம்முடைய அந்த லண்டன் தம்பதி? தானும் நோயாளி, துணையும் நோயாளி என்றால் இப்போது என்ன கதை?

சட்டம் ரொம்பவே மாறியிருக்கிறது. தன் ஊனத்துக்கான உதவித்தொகையை ஒருவர் வாங்கிக்கொண்டே, துணையைப் பார்த்துக்கொள்பவராகவும் மனு போடலாம். தடையில்லை. கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் 35 மணி நேரம் பார்த்துக்கொள்வதாக, இரண்டு பேருமே மனு போடக்கூட வழி இருக்கிறது. 1995-ம் வருட விதிகளில் முக்கியமான ஒரு வரி சேர்ந்தது. வேலை செய்ய முடியாதவர் என்று பணம் வாங்குகிறவர், சொந்த வீட்டில் வீட்டு வேலை செய்வதும் உறவினரைப் பார்த்துக்கொள்வதும் 'வேலை' என்று கணக்கில் எடுக்கப்படாது. எந்தச் சோற்றுப் பானையைக் காட்டி 1977-ல் பென்ஷனை மறுத்தார்களோ, அதை இனி சாட்சிக்கு இழுக்க முடியாது.

2013-ல் வந்த புதிய ஊன உதவித்தொகையின் விதிகளும் கொஞ்சம் புத்திசாலித்தனமானவை. ஒரு காரியத்தை ஒரு தடவை செய்ய முடிகிறதா என்பது கேள்வி அல்ல. பத்திரமாக, உருப்படியாக, தேவைப்படும்போதெல்லாம் திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்துக்குள் செய்ய முடிகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு மணி நேரம் எடுத்துக் காய்கறி நறுக்கும் பெண்ணுக்கு இது பெரிய ஆறுதல். இருந்தாலும் சிக்கல் முழுக்கத் தீரவில்லை. துணைக்காக நிரப்பும் படிவத்தில், 'நான்தான் தூக்கி உட்காரவைக்கிறேன்' என்று எழுத வேண்டும். தனக்காக நிரப்பும் படிவத்தில், 'என்னால் கனமாக எதையும் தூக்க முடியாது' என்று எழுத வேண்டும். இரண்டுமே உண்மை. தூக்குகிறார், அதற்குப் பிறகு இரண்டு நாள் எழுந்திருக்க முடிவதில்லை. இரண்டு படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும் அதிகாரிக்கு அந்த இரண்டு நாள் தெரிய வேண்டுமானால், அதையும் அவர்தான் எழுதியாக வேண்டும்.

பணத்திலும் பழைய கணக்கு ஒரு மூலையில் உயிரோடு இருக்கிறது. சம்பளத்துக்குப் பதிலாகத் தரப்படும் உதவிகளில் ஒரே சமயத்தில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்பது பிரிட்டனின் நெடுநாள் விதி. இன்ஷூரன்ஸ் கட்டி, நோயாளி என்ற முறையில் பணம் வாங்குகிறவருக்கும், அரசு முதியோர் பென்ஷன் வாங்குகிறவருக்கும், அந்தத் தொகை கேரர்ஸ் அலவன்ஸைவிட அதிகம் என்றால், அலவன்ஸ் கேட்டு மனு போட்டதற்கு வருவது பணம் அல்ல, ஒரு கடிதம். உங்களுக்குத் தகுதி உண்டு, ஆனால் தொகை கிடையாது! இந்தக் கடிதத்தைச் சும்மா நினைக்காதீர்கள். ஏழைக் குடும்பங்களுக்கான உதவியில், அந்தக் கடிதத்தைக் காட்டினால் பராமரிப்பவருக்கான கூடுதல் தொகை சேரும் என்று 1990-ல் ஓர் ஏற்பாடு வந்தது. அதனால், பணம் வராது என்று தெரிந்தும் மனு போடச் சொன்னார்கள் விவரம் தெரிந்தவர்கள். அந்தக் கூடுதல் தொகையும் நோயாளிக்கான கூடுதல் தொகையும் ஒரே ஆளுக்குச் சேர்ந்தே கிடைத்த காலம் அது.

2013-ல் பழைய உதவிகளை எல்லாம் ஒரே கூடையில் போட்டு, 'யுனிவர்சல் கிரெடிட்' என்ற பெயரில் கொண்டுவந்தார்கள். அதில் இரண்டு கட்டங்கள் உண்டு. கடுமையான நோயால் வேலை செய்ய முடியாதவருக்கு ஒரு கூடுதல் தொகை. 2025 ஏப்ரல் கணக்குப்படி மாதம் 423 பவுண்டு. வாரத்துக்கு 35 மணி நேரமாவது நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவருக்கு இன்னொரு கூடுதல் தொகை. அதே கணக்குப்படி மாதம் 201 பவுண்டு. ஒரே ஆள் இரண்டுமாக இருந்தால், பெரிய தொகை மட்டும் கொடுப்பார்கள். அவர் பார்த்துக்கொள்ளும் அந்த 35 மணி நேரத்துக்கு நேரே, பூஜ்யம்.